பாட்டனார் பெயரில் பட்டா

விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டு, மிதக்கும் பதரை நீக்கிய பிறகே நாற்று விடுகிறோம். மண்ணைப் பரிசோதித்து உரமிடுகிறோம். ஆனால் அந்த நிலம் ஏட்டில் யார் பெயரில் இருக்கிறது என்பதை எத்தனை பேர் பார்த்து வைத்திருக்கிறோம்? சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், கடலூர் முதுநகர் சுற்றுவட்டாரங்களில் பல குடும்பங்களின் பட்டா, காலமான தந்தை அல்லது பாட்டனார் பெயரிலேயே இன்றும் இருந்து வருகிறது. உழுவது பேரன், ஏட்டில் இருப்பவர் பாட்டனார்.

விளைச்சல் நன்றாக இருக்கும் ஆண்டில் இதனால் தொல்லை தெரிவதில்லை. இடர் வரும்போதுதான் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. 2015 நவம்பரில் வெள்ளம் வந்தது. இத்தகைய சமயங்களில் நிவாரணத்திற்குக் கணக்கெடுப்போர் முதலில் கேட்பது பட்டாவும் அடங்கலும்தான். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பயிர்க்கடனுக்கு இவற்றையே கேட்கிறார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் உழவர் உதவித் திட்டத்திற்கும் நிலம் உழவர் பெயரில் இருக்க வேண்டும்.

எந்த ஏடு எதற்கு?

பத்திரம் என்பது நிலம் உங்களுக்கு எப்படி வந்தது என்பதைக் காட்டும் பதிவு ஆவணம். பட்டா என்பது வருவாய்த் துறை ஏட்டில் நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைக் காட்டுவது. பட்டா முக்கியமான சான்று. எனினும் பட்டா மட்டுமே உரிமையை முடிவு செய்துவிடாது. அடங்கல் என்பது அந்தப் பசலியில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பதைக் கூறும் கணக்கு. புலப்படம் வயலின் எல்லையையும் அளவையும் காட்டும். வில்லங்கச் சான்று, நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைத் தெரிவிக்கும்.

இவை ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம் 1979 முதல் 1987 வரை நடைபெற்றது. அப்போது பல இடங்களில் புல எண்கள் மாறின. சிலரது பெயரும் பரப்பும் பிழையாகப் பதிவாயின. ஆகவே பழைய பத்திரத்தில் ஓர் எண்ணும் பட்டாவில் வேறு எண்ணும் இருந்தால் திகைக்க வேண்டாம். இரண்டையும் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். 1993-க்கு முந்திய பத்திரங்களில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருப்பதும் இயல்பே.

பங்கு யாருக்கு?

தென்னாற்காட்டு வழக்கில் ஒரு காணி என்பது 132 சென்ட். ஓர் உழவர் தாம் சம்பாதித்த ஒரு காணி நிலத்தை விட்டு, உயில் எழுதாமல் இறந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள். அவருடைய தாயார் முன்பே காலமாகி விட்டார். பங்கு எத்தனை? மூன்று என்பார்கள் ஊரில். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து. மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஆளுக்கு 26.4 சென்ட் வரும்.

பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம், அதற்கு முன் மணமாகாத மகள்களுக்கு இவ்வுரிமையை அளித்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் மணமான மகள்களுக்கும் அதை அளித்தது. அத்திருத்தம் வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பதிவாகி முடிந்த பாகங்களை இது பாதிக்காது. இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டங்கள் வேறு.

"தங்கைக்குச் சீர் செய்தாயிற்று, பங்கு எதற்கு?" என்று கேட்கும் அண்ணன்மார் உண்டு. சீர் வேறு, பங்கு வேறு. தங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தால், அதை விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது பின்னால் வழக்கில் கொண்டுபோய் விடும். வழக்குச் செலவுக்கு விற்கப்படுவதும் அதே நிலமாகவே இருக்கும்.

பாகம் பிரிக்கும்போது

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கூர்ச்சீட்டு எழுதி, அவரவர் பங்கை உழுதுவரும் குடும்பங்கள் பல. பதிவு செய்யாத இந்தச் சீட்டைக் கொண்டு தனிப் பட்டா பெறுவது கடினம். ஆகவே பாகப் பத்திரமாகவே எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரத்திற்குக் கட்டணச் சலுகை உண்டு.

பரப்பை மட்டும் எழுதினால் போதாது. வீராணம் பாசனப் பகுதியில் ஒரு வயல் நிறைந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாய்வது வழக்கம். மேல்மடைக்காரர் தண்ணீர் விட மறுத்தால் கீழ்மடைப் பங்கு காயும். எனவே எந்த வரப்பு நடைபாதை, எந்த வாய்க்கால் பொது, வண்டியும் அறுவடை இயந்திரமும் எவ்வழியே இறங்கும், கிணறும் மோட்டாரும் இருந்தால் யாருக்கு எந்த நாள் முறை, மின்கட்டணமோ பழுதுச் செலவோ வந்தால் யார் தருவது என்பவற்றையும் பத்திரத்தில் எழுதுங்கள். அண்ணன் தம்பி மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

26 சென்ட் நிலத்தைத் தனித்தனியே உழுவது கட்டுபடியாகாது என்று தோன்றினால், உரிமையை ஏட்டில் பிரித்துக்கொண்டு சாகுபடியைச் சேர்ந்தே செய்யலாம். ஏட்டில் பிரிவதால் வரப்பு போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

குத்தகைக்கு உழுவோர் கவனத்திற்கு

நிலம் பிறருடையது, உழைப்பு உங்களுடையது என்றால் உங்கள் பெயரும் ஏட்டில் இருக்க வேண்டும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. கோயில் நிலமாயினும் தனியார் நிலமாயினும், குத்தகை செலுத்தியதும் ரசீது கேட்டு வாங்குங்கள். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம்.

செய்ய வேண்டியவை

1. பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து, பெயர், புல எண், பரப்பு ஆகியவற்றைப் பத்திரத்துடன் ஒப்பிடுக. 1 ஏர் என்பது சுமார் 2.47 சென்ட்.

2. பட்டாதாரர் காலமாகி இருந்தால் இறப்புச் சான்றும், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றும் பெறுக.

3. இச்சான்றுகளுடன் பொதுச் சேவை மையத்தில் விண்ணப்பித்து, வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டா பெறுக. பாகம் பிரியும் வரை இதுவே பாதுகாப்பு.

4. பாகப் பத்திரம் பதிவானதும் உட்பிரிவு செய்து அளக்க விண்ணப்பித்து, தனிப் பட்டா பெறுக.

5. ஒவ்வொரு பட்டத்திலும் அடங்கலில் உங்கள் பயிர் சரியாகப் பதிவாகி உள்ளதா என்று பார்க்க.

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து, எல்லைக் கல் கண்ணுக்குத் தெரியும் கோடை நாட்களே நிலம் அளக்க ஏற்ற காலம். நடந்தவற்றை நினைவில் வைத்திருக்கும் தாய் தந்தையர் வீட்டில் இருக்கும்போதே, உடன்பிறந்தாரையும் அழைத்து அமர்ந்து பேசி முடித்துவிடுங்கள். அடுத்த வெள்ளம் வருமுன் ஏட்டில் உங்கள் பெயர் இருக்கட்டும்.