இறங்கிய எடை திரும்ப ஏறாமலிருக்க 13 குறிப்புகள்

கல்யாணத்துக்கு முன்னால் பத்து கிலோ குறைத்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். அடுத்த தீபாவளிக்குள் அந்தப் பத்தும், வட்டியாக மேலே இரண்டும் ஏறி நிற்பவர்களும் பெரும்பாலும் அவர்களேதான். ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் எடை குறைந்ததும் உடம்பு பசியைத் தூண்டும் சுரப்புகளைக் கூட்டுகிறது, ‘போதும்’ என்று சொல்லும் சுரப்புகளைக் குறைக்கிறது. 2011-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் இந்த மாற்றம் நீடித்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் எக்கச்சக்கமாக இளைத்த 14 பேரை 6 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். இறங்கியதில் பெரும்பகுதி திரும்ப ஏறியிருந்தது. அதோடு, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது.

ஆகவே மனவுறுதியை மட்டும் நம்பிப் பயனில்லை. வீட்டையும் சமையலறையையும் கொஞ்சம் மாற்றி அமைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும்.

1. அறுபது வயதிலும் சாப்பிட முடிகிற சாப்பாட்டால்தான் எடையைக் குறைக்க வேண்டும். சோறே தொடமாட்டேன் என்று மூன்று மாதம் இருந்தவர், நான்காம் மாதம் குக்கரைத் திறந்ததும் இரண்டு மடங்கு சாப்பிடுவார். சோறும் வேண்டும், இட்லியும் வேண்டும். அளவுதான் மாற வேண்டும்.

2. எடை பார்க்கும் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள். குளியலறைக்குப் போகும் வழியில், வெறும் தரையில் இருக்கட்டும். கால்மிதி மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். காலைக்கடன் முடித்து, காபிக்கு முன் ஏறிப் பாருங்கள். கிழிக்கும் தினசரி காலண்டரில் எழுதினால் மறுநாள் கணக்கு குப்பைக்குப் போய்விடும். பால் கணக்கு எழுதும் மாத காலண்டர்தான் சரி. முந்தின நாள் ராத்திரி பிரியாணியோ, ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பாடோ என்றால் காலையில் ஒரு கிலோ கூடக் காட்டும். அது கொழுப்பல்ல, உப்பு பிடித்துவைத்த தண்ணீர். மாதவிடாய் நாட்களிலும் அப்படித்தான். ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் கலங்காமல், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடுங்கள்.

3. எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, எந்த எண்ணில் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுத்திருக்க வேண்டும். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே நன்றாக இளைத்திருந்த 314 பேருக்கு இதைச் சோதித்தார்கள். ஆய்வில் சேர்ந்தபோது இருந்த எடையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோவுக்குள் இருந்தால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், இரண்டேகால் கிலோவைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்தால் எடை குறைத்த காலத்துப் பழக்கங்களை உடனே திரும்பத் தொடங்க வேண்டும். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வெறும் செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கு இரண்டேகால் கிலோவோ அதற்கு மேலோ ஏறியிருந்தது. இந்த முறையை நேரில் பயின்றவர்களில் அது 46 சதவீதம். உங்கள் சிவப்புக்கான திட்டத்தை ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்: ‘இரண்டு வாரம் இனிப்பு கிடையாது, சாயங்காலம் சுண்டல், ராத்திரி எட்டுக்குள் சாப்பாடு’ என்பதுபோல. இரண்டு கிலோவை இறக்குவது இரண்டு மாத வேலை. பன்னிரண்டு ஏறிய பிறகு விழித்துக்கொண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

4. எண்ணெய்தான் நம் சமையலறையில் கண்ணுக்குத் தெரியாமல் எடை ஏற்றும் பொருள். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. ஒரு லிட்டர் கேனில் எட்டாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது. கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, செக்கில் ஆட்டியதா என்பதெல்லாம் வேறு விவாதம். இந்தக் கணக்கில் எல்லாம் ஒன்றே.

மாத மளிகை வந்த அன்றே பிரித்து வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் என்று வைத்தால் நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் சுமார் இரண்டரை லிட்டர். இட்லிப் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயும் பருப்புக்கு விடும் நெய்யும் இதில் அடக்கம். பொதுவாக அதைத்தான் கணக்கில் விட்டுவிடுவோம். கேனிலிருந்து நேராகக் கடாயில் சாய்க்காதீர்கள். தாளிப்புக்கு ஒரு ஸ்பூனைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும். உருளைக்கிழங்கு, சேனையை முதலில் வேகவைத்துவிட்டு அப்புறம் வறுத்தால் எண்ணெய் குடிக்காது. அப்பளத்தைத் தணலில் சுடலாம். பூரி வேண்டாம் என்று சொல்லவில்லை. பூரி போட்ட வாரத்தில் கேன் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

5. சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று நம் சாப்பாட்டில் சோறு மூன்று தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தைத் திறந்து போட்டுக்கொண்டால் அளவு கையை மீறும். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஒரு கிண்ணத்தை அளவாக வைத்து மொத்தச் சோற்றையும் முதலிலேயே தட்டில் போட்டு, அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் தட்டில் பொரியலும் கூட்டும் இடம் பிடித்திருக்கட்டும். சோற்றுப் பாத்திரம் மேஜைக்கு வராமல் அடுப்படியிலேயே இருக்கட்டும். எழுந்து போய்ப் போட வேண்டும் என்றாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

6. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை, டிபன் டப்பாவில் திரும்பி வந்த புளியோதரை, ராத்திரி ஒரு கரண்டி மிஞ்சிய உப்புமா. ‘வீணாகப் போகக் கூடாதே’ என்று இவற்றை முடிப்பது எந்த வீட்டிலும் அம்மாதான். இதற்கு வைராக்கியம் தேவையில்லை. முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் இன்னொன்று போடுங்கள். மிஞ்சியதற்கு ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா ஒதுக்கிவிடுங்கள். நின்றுகொண்டே வாயில் போடுவது சாப்பாட்டுக் கணக்கில் வருவதில்லை, எடைக் கணக்கில் வந்துவிடுகிறது.

7. நாளுக்கு மூன்று தம்ளர் காபி, தம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 120 கலோரி. நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறினால் இந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

8. அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ இறக்கி, ஓராண்டாவது அப்படியே வைத்திருப்பவர்கள்தான் அதில் சேரலாம். இன்று பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். இளைத்த வழி ஆளுக்கொன்று. ஆனால் தக்கவைத்த வழி பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கிறது: 78 சதவீதம் பேர் தினமும் காலை உணவு சாப்பிடுகிறார்கள், 75 சதவீதம் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், 90 சதவீதம் பேர் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்களின் கணக்கு இது. இதை வைத்துக் காலை உணவுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு இதில் பிடித்தது இன்னொரு செய்தி. வார நாளிலும் விடுமுறையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிடுபவர்களுக்கு எடை திரும்ப ஏறுவது குறைவாம். திங்கள் முதல் சனி வரை கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை பூரி, மதியம் பிரியாணி, ராத்திரி பரோட்டா என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

9. ஒரு மணி நேரம் நடக்க ஒரேயடியாக நேரம் கிடைக்காது. காலையில் அரை மணி, சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம், போன் பேசும்போது மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் என்று துண்டுதுண்டாக எடுங்கள். மழைக்காலத்துக்கு வீட்டுக்குள்ளேயே நடக்க ஒரு வழி யோசித்து வையுங்கள். ஐப்பசியில் விட்ட நடையைப் பலர் தையில்கூடத் தொடங்குவதில்லை. நடை மட்டும் போதாது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, மாடிப்படி ஏறுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது இவையெல்லாம் தசைக்கு வேலை. சாப்பாட்டில் புரதமும் வேண்டும். சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே என்று நினைப்போம். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பைத் தேடிப் பாருங்கள். கெட்டிப் பருப்பு, முட்டை, மீன், சுண்டல், தயிர் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்.

10. “என்னம்மா இப்படி இளைச்சுப் போயிட்டே? சுகரா?” நம் ஊரில் இளைத்தவர்களுக்குக் கிடைக்கும் பாராட்டு இதுதான். விளக்கம் சொல்லப் போனால் வாக்குவாதம் ஆகிவிடும். “நல்லா இருக்கேன் சித்தி, நடக்கிறேன்” என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். தட்டை நிறைத்துத்தான் பாசம் காட்டத் தெரிந்த மாமியாரிடம் ‘வேண்டாம்’ என்றால் மனம் கோணும். “அத்தை, உங்க கைப்பக்குவத்துல கீரை மசியல் செஞ்சு கொடுங்க” என்று நீங்களே கேளுங்கள். பந்தியில் இனிப்பு மூன்று வகை வந்தால் பிடித்த ஒன்றை முழுதாக, ரசித்துச் சாப்பிடுங்கள். மற்றது வரும்போது இலை மேல் கையை நீட்டினால் பரிமாறுபவர் புரிந்துகொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

11. பண்டிகைகள். அமெரிக்காவில் 2000-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆண்டிறுதி விடுமுறைக் காலத்தில் ஒருவருக்கு ஏறும் எடை சராசரியாக அரை கிலோவுக்கும் குறைவு. கவலை என்னவென்றால், அடுத்த ஆண்டு முழுவதும் அது இறங்கவில்லை. நமக்குத் தீபாவளி பலகாரம் கார்த்திகை வரை டப்பாவில் இருக்கும். முறுக்கும் மிக்சரும் மேல்தட்டில், உள்ளே இருப்பது தெரியாத எவர்சில்வர் தூக்கில் இருக்கட்டும். கண்ணாடி ஜாடி வேண்டாம். கொடுக்க வேண்டியதை முதல் நாளே கவர் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் அளவு மீறிவிட்டால் ‘போனது போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்’ என்ற எண்ணம் வரும். அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. இரண்டு அதிரசம் ஒன்றும் செய்துவிடாது; திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கும் ஐந்து நாள் செய்யும். அடுத்த வேளைச் சாப்பாட்டையே வழக்கப்படி சாப்பிடுங்கள்.

12. இளைத்ததும் துணிகளைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பழைய பெரிய அளவுத் துணியை பீரோவில் வைத்திருந்தால் உடம்பு ஒருநாள் அதற்குள் போய்ச் சேரும். நைட்டியும் இழுபடும் டிராக் பேண்ட்டும் எதையும் காட்டிக்கொடுக்காது. வாரத்தில் ஒரு நாள், இழுபடாத பருத்தி ரவிக்கையோ பெல்ட் போடும் பேண்ட்டோ போட்டுப் பாருங்கள். வீட்டில் அளவு நாடா இருந்தால் இன்னும் நல்லது. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் ஆண்களுக்கு 90-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இந்தியர்களுக்கான அளவு.

13. எடை குறைக்கும் ஊசிகள் 2025-லிருந்து இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. டாக்டர் எழுதிக்கொடுத்தால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ‘ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம்’ என்ற கணக்கு பலிப்பது கடினம். செமாக்ளூடைட் மருந்தை நிறுத்திய ஓராண்டில், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே தொடங்கும் முன்பே, எவ்வளவு காலத்துக்கு, நிறுத்தினால் என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வழியில் எடை குறைந்தாலும் சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைப் பார்த்து அளவை மாற்ற வேண்டியிருக்கும். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிக் கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம். எதுவுமே செய்யாமல் தானாக எடை இறங்கிக்கொண்டே போனால் அதைக் கொண்டாடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.