ஷிப்ட் எதுவானாலும் ஆப்ப மாவு பொங்கும்

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளிகள் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறந்தாகிவிட்டது. ஆனாலும் சுங்குவார்சத்திரம், ஒரகடம், மாத்தூர் பக்கம் வாடகை அறையில் தாங்களே பொங்கிச் சாப்பிடும் தொழிலாளிகள் ஏராளம். இந்தக் குறிப்புகள் அவர்களுக்காக.

1. அறையில் மிக்ஸி மட்டும் இருந்தால் தோசையைவிட ஆப்பமே நல்லது. தோசைக்கு உளுந்து பஞ்சு மாதிரி அரைபட வேண்டும். மிக்ஸி சூட்டில் அது கஷ்டம். ஆப்பத்துக்கு உளுந்து கொஞ்சம் போதும்.

2. பச்சரிசி 2 டம்ளர், உளுந்து கால் டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். குறைந்தது 4 மணி நேரம் ஊறவைத்து, ஒரு கைப்பிடி சோறு சேர்த்து, ஐஸ் தண்ணீர் விட்டு நைசாக அரையுங்கள். ரேஷன் பச்சரிசியே தாராளம்.

3. மாவுக்குக் கடிகாரம் தெரியாது, சூடுதான் தெரியும். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வருபவர்கள், வேலைக்குக் கிளம்பும்போது அரிசியை ஊறவைத்து, வந்ததும் அரைத்து வைத்துவிட்டுப் படுக்கலாம். சித்திரை வெயிலில் 5, 6 மணி நேரத்தில் பொங்கிவிடும், எழுந்ததும் சுடலாம். காலை ஷிப்டுக்காரர்கள் கோடையில் சாயங்காலமே அரைத்தால் விடிவதற்குள் புளித்துப்போகும். படுக்கும்முன் பொங்கியிருந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். மார்கழியிலோ 12 மணி நேரமும் ஆகலாம். பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி மூடி வையுங்கள். மணியைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். கரண்டியால் ஓரத்தைக் கிளறினால் உள்ளே வலை வலையாகக் குமிழ் தெரிய வேண்டும், மணத்தில் லேசான புளிப்பு வேண்டும்.

4. கோடையில் உப்பை அரைத்ததுமே போட்டுக் கையால் கலக்குங்கள். குளிர்காலத்தில் பொங்கிய பிறகு போதும். உப்பு கூடினால் புளிப்பது தாமதமாகும்.

5. அந்தக் காலத்தில் ஆப்ப மாவைக் கள் ஊற்றிப் புளிக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அவசரத்துக்கு ஈஸ்ட் கால் டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையோடு கரைத்து ஊற்றலாம். நேரம் இருந்தால் அது வேண்டாம். தானாகப் புளித்த மாவின் ருசி தனி.

6. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள். நாலு பேர் பங்குபோடும் ஃபிரிட்ஜில் வழிந்தால் சண்டைதான் மிச்சம்.

7. தேங்காயை மாவோடு அரைத்து இரவெல்லாம் வைக்க வேண்டாம், கோடையில் வாடை வந்துவிடும். சுடும்முன் அரை டம்ளர் தேங்காய்ப்பால் ஊற்றிக் கரையுங்கள். மாவு தோசை மாவைவிட நீர்க்க இருக்க வேண்டும்.

8. இண்டக்‌ஷன் அடுப்பில் குழிவான ஆப்பச்சட்டி உட்காராது, அலுமினியச் சட்டி சூடே ஏறாது. தட்டையான அடி உள்ள இரும்புக் கல்லில் கனமாக ஊற்றி, மூடிபோட்டு, திருப்பாமல் எடுங்கள். ஓரம் மொறுமொறுப்பாக வராது. நடு மெத்தென்று வரும். கேஸ் அடுப்பு இருந்தால் சட்டியைச் சுழற்றி மிதமான தீயில் மூடி வையுங்கள். வெந்ததும் ஓரம் தானே கிளம்பும். அதுவரை கரண்டியை வைக்காதீர்கள்.

9. ரொம்பப் புளித்த மாவில் வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பம் வார்க்கலாம். மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பூத்திருந்தால் வழித்துவிட்டுச் சமைக்கக் கூடாது, அப்படியே கொட்டிவிடுங்கள்.