எண்கோணமும் ஓர் அளவும்

தில்லி லோதி ரோட்டை அடுத்த பூங்காவில் உள்ள சிக்கந்தர் லோதியின் கல்லறை எண்கோண வடிவினது. அதனை ஒழுங்கான எண்கோணமாகக் கொண்டு கணிப்பொறியில் வரைவோம்.

எட்டு முனைகளுக்கு 16, அவற்றைச் சூழும் வட்டத்திற்கு 3. ஆகத் தனித்து மாறக்கூடிய எண்கள் 19. முனைகள் வட்டத்தின்மேல் அமைக எனின் 8 நீங்கும். பக்கங்கள் சமம் எனின் 7. மையத்தை நிறுத்தினால் 2. ஒரு பக்கத்தைக் கிடையாக்கினால் 1. எஞ்சுவது ஒன்றே. பக்க நீளத்தைக் குறித்ததும் வடிவம் உறுதிப்படும். அவ்வெண்ணை மாற்றின், வடிவம் குலையாது பெருகும் அல்லது சுருங்கும்.

இனி வட்டத்தின் விட்டத்தையும் கட்டளையாகச் சேர்ப்பது தவறு. பொருந்தாவிடின் முரண், பொருந்தினும் மிகை. கல்லறையின் குறுக்கே நாடா பிடித்தல் அரிது; பக்கத்தை அளத்தலோ எளிது. ஆதலின், நேரில் அளந்ததையே கட்டளையாக்குக; விட்டத்தைக் கணிப்பொறியே கணித்துக் காட்டட்டும்.