செலவும் காவலும்

'செலவு' என்னும் சொல் இக்காலத்திற் பொருளை வழங்கித் தீர்ப்பதையே குறிப்பினும், பழந்தமிழில் ஓரிடம் விட்டுப் பிறிதோரிடம் செல்லுதலையும் குறித்தது. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது செல்லுதலாகிய செலவைப் பற்றியே. அதிலும், இளம்பெண்டிர் விடுமுறை நாட்களிற் பிறநாடு செல்லுங்கால் தம்மைக் காத்துக்கொள்ளுமாறு பற்றியே. மற்றைப் பொருளும் இடையிடையே தலைகாட்டும் என்பதைக் கடவுச்சீட்டு வாங்கிய எவரும் அறிவர்.

இதனை எழுதத் தூண்டியது ரஞ்சன்குடிக் கோட்டை. பெரம்பலூருக்கு வடக்கே ஏறக்குறைய 17 கிலோமீட்டர் தொலைவில், திருச்சி சென்னை நெடுஞ்சாலைக்கு அணித்தாக அக்கோட்டை நிற்கின்றது. ஆர்க்காட்டு நவாபின்கீழ் இருந்த ஜாகீர்தார் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டில் அதனைக் கட்டினார் என்பர். சுற்றிலும் அகழி; அதன் உள்ளே ஒன்றினும் ஒன்று உயர்ந்த மூன்று அரண்கள். வாலிகொண்டாப் போர் என வரலாற்றிற் பெயர்பெற்ற 1751-ஆம் ஆண்டுப் போர் இதன் அருகே நிகழ்ந்தது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் சென்ற ஆண்டு அங்குச் சுற்றுலாச் சென்றிருந்தேம்.

மாலை ஐந்து மணிக்குப் பேருந்து புறப்பட்டது. 'எல்லோரும் ஏறியாயிற்றா?' என்று ஒருவர் வினவ, 'ஆயிற்று' என்று பலர் விடையிறுத்தனர். தலைகளை எண்ணியவர் ஒருவருமிலர். எம்முள் ஒருத்தி மேற்கோட்டையிற் படம் எடுத்துக்கொண்டே பின்தங்கிவிட்டாள். அவள் கைப்பேசியிலோ மின்னூட்டம் தீர்ந்திருந்தது. பெரம்பலூரை அணுகிய பின்னரே அவள் இருக்கை வெறுமையாயிருப்பது தெரிந்தது. பேருந்து திரும்பிச் செல்வதற்குள் முக்கால் மணிக்கு மேலாயிற்று. அங்கே அவள் கோட்டை வாயிலருகே, ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கடலைக்காய் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். 'ஒண்டியா நிக்காதே கண்ணு, பொழுது சாயுது; இப்படி எங்கிட்ட வந்து உக்காரு' என்று அவ்வம்மையார் அழைத்தாராம். ஆடுகளை ஓட்டிச்செல்லும் நேரம் கடந்தும் அவர் எழவில்லை. யாம் நீட்டிய பணத்தையும் அவர் தொடவில்லை.

இந்நிகழ்ச்சி வேறொரு முயற்சிக்கு இடையூறாய் முடிந்தது. கோடை விடுமுறையில் எம்முள் ஐவர் நாகப்பட்டினத்திற் கப்பலேறி யாழ்ப்பாணம் செல்லக் கருதியிருந்தேம். நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தலைப்பட்டதை அன்பர்கள் அறிவர். ஏறக்குறைய 4 மணி நேரப் பயணமே. வீட்டிற் கேட்டபொழுது, பின்தங்கியவளின் தாயார் ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிட்டார்: 'ரஞ்சன்குடியிலேயே ஆளைத் தொலைத்துவிட்டு வருகிற பிள்ளைகள் கடலைத் தாண்டி என்ன செய்வீர்கள்?'

வினா நேர்மையானது. அதற்கு நேர்மையான விடை தேடியபொழுது யாம் பாடமாகப் பயிலும் இரு காப்பியங்களே முன்வந்து நின்றன. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் வழிப்போக்கர்க்குரிய நூல்களென்று எவரும் எமக்குக் கற்பித்ததில்லை. எனினும் படித்துப் பார்மின்கள்.

ஆபுத்திரன் கதையை முதலிற் கொள்வாம். அவன் சாவகம் செல்லுங் கப்பலில் ஏறினான். காற்று மிகவே கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கியது. அவன் கரையில் இறங்கினான். ஏறிவிட்டான் என்றெண்ணி மாலுமி இரவிற் பாய்விரித்துச் சென்றான். ஆளில்லாத தீவில் அவன் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்தான். ரஞ்சன்குடியில் எமக்கு நேர்ந்ததும் இதுவே. மூதாட்டி ஒருவர் இருந்தமையால் முடிவு வேறாயிற்று. மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே என்று கருதும் அறிஞர் உளர் என்பதால், யாம் செல்ல விரும்பிய இடத்திலேயே எம் பிழை பண்டே நிகழ்ந்ததுபோலும் என்று எண்ணி நாணினேம்.

சாதுவன் கதை இதன் மறுதலை. கப்பல் உடைய, ஒடிந்த மரத்தைப் பற்றி நீந்தி நாகர் மலையை அடைந்தான். உண்ணக் கருதி அவனைச் சூழ்ந்த நாகரிடம் அவர்தம் மொழியிலேயே பேசினான். அம்மொழியே அவனைக் காத்தது. ஆனால் ஊரிலோ, உயிர்தப்பி மீண்ட பிறர் அவன் இறந்தானென்று சொல்ல, மனைவி ஆதிரை தீப்புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை என்பது காப்பியத்தின் அருள். நம் வீடுகளில் அத்தகைய அருளை எதிர்பார்த்தல் ஆகாது. நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரு செய்தி, வழியும் தங்குமிடமும் எழுதிய தாள் ஒன்று வீட்டில், செய்தி வாராவிடில் எத்தனை மணி நேரம் பொறுத்து எவரை அழைப்பது என்னும் உடன்பாடு ஆகிய இவை வேண்டும். கடைசியிற் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அது இல்லாவிடின் மின்னூட்டம் தீர்ந்த கைப்பேசி ஒன்று ஒரு குடும்பத்தை இரவு முழுதும் அழவைத்துவிடும்.

நிற்க. பெண்டிர் செலவுக்குச் சிறந்த ஆசிரியர் கவுந்தியடிகளே. புகாரினின்று ஒருவர்க்கும் உரையாது வைகறையிற் புறப்பட்ட இருவர்க்கும் வழித்துணையானவர் அவர். வழியின் இடர்களாக அவர் முதலிற் கூறுபவை கள்வரையும் புலியையும் பற்றியவையல்ல. கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப்பூ உதிர்ந்து மூடியிருக்கும், அடி வைக்குமுன் பார்மின் என்பது போன்றவையே. எமக்கு இது மிகவும் பிடித்தது. அயல்நாட்டில் இளம்பெண்ணுக்கு வரும் இடர்களும் பெரும்பாலும் பூ மூடிய குழிகளே. அளவுகாட்டும் கருவியின்றி ஓடும் ஆட்டோ, பழகிய இரண்டாம் நாளே 'இந்தப் பொட்டலத்தை என் அக்காளிடம் கொடுத்துவிடு' என்னும் இன்சொல், தான் மேசையில் வைத்துச் சென்று மீண்டு வந்து பருகும் பானம், விடுதிக்காரர் பலர் கேட்க உரத்துச் சொல்லும் அறை எண் ஆகியன அத்தகையன. பொட்டலத்தினுள் இருப்பது போதைப்பொருளாயின் சுமந்தவரே குற்றவாளியாக நிற்க நேரும்.

காடுகாண் காதையில் இன்னும் நுட்பமான ஓரிடம் உண்டு. நீர் வேண்டிப் பொய்கைக்குச் சென்ற கோவலன் முன், கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவில் வந்து, மாதவியின் பெயராலேயே குறைகூறி அழுகின்றது. தெரிந்த முகம், தெரிந்த பெயர், நம்பத்தக்க கதை. ஆயினும் இவ்வழியில் மயக்கும் தெய்வம் உண்டென்று மாங்காட்டு மறையோன் முன்னரே சொல்லியிருந்தமையால், கோவலன் மந்திரம் சொல்லிச் சோதித்தான்; உருவம் உண்மையுரைத்து அகன்றது. 'உங்கள் தோழி அனுப்பினார், வண்டியில் ஏறுங்கள்' என்று துறைமுகத்தில் ஒருவர் வந்து நிற்பினும், கைப்பேசியில் அறிந்தவர் படத்தோடு பணங்கேட்டுச் செய்தி வரினும், சோதிக்கும் மந்திரம் ஒன்று வேண்டும். எம் ஐவர்க்குள் ஒரு சொல் குறித்துக்கொண்டேம். அதனை ஈண்டு அச்சிடாமைக்கு அன்பர்கள் பொறுத்தருள்க. இருக்குமிடத்தை அன்றன்றே படத்துடன் உலகிற்கு அறிவிப்பதையும் விட்டொழித்தேம். ஊர் மீண்டபின் வெளியிடினும் படம் அழகு குன்றாது.

மதுரையை அடைந்ததும் அடிகள் கண்ணகியை நகரத்துள் விடாது, ஆயர்குலத்து மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கின்றார். தாயும் நீயே ஆகுக என்னும் கருத்துப்பட ஒப்புவிக்கின்றார். வேலி சூழ்ந்த சிறுமனையில் அன்று கண்ணகி இன்னலின்றி இருந்தாள். அழிந்தவன் எவன்? உடன்வந்த ஆடவனே. அறியாத நகரில், அறியாத பொற்கொல்லனிடம், விலையுயர்ந்த பொருளைக் காட்டித் தனியே நின்றமையால் அழிந்தான். பெண்டிர் வெளியூர் செல்லுங்கால் உடன் ஓர் ஆண்மகன் இருப்பின் போதும் என்பாரை இக்காதையை மீண்டும் படிக்குமாறு வேண்டுகின்றேம்.

பிற்காலத்துச் சான்றும் ஒன்று உண்டு. ஆனந்திபாய் ஜோஷி என்னும் மராத்தியப் பெண்மணி 1883-ஆம் ஆண்டு ஏப்ரலிற் கல்கத்தாவிற் கப்பலேறி, மருத்துவம் பயில அமெரிக்கா சென்றார். அகவை 18. கணவர் உடன் செல்லவில்லை. ஆயினும் கப்பலில் அவருடன் ஒரு மிஷனரிப் பெண்மணி சென்றார். இறங்கிய நாட்டில், முன்பே கடிதங்களால் நட்புப் பூண்டிருந்த கார்ப்பெண்டர் அம்மையார் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். வழியில் ஒரு கவுந்தி, கரையில் ஒரு மாதரி.

இனி யாழ்ப்பாணத்திற்கே வருவாம். மொழி ஒன்றென்பதால் இடரில்லை என்று கருதுதல் பேதைமை. ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையிற் பேருந்திலும் புகைவண்டியிலும் பாலியல் தொல்லைக்கு ஒருமுறையேனும் ஆளான பெண்டிர் நூற்றுக்கு 90 பேர். காவல்துறையை நாடியவர் நூற்றுக்கு 4 பேரே. நம் நாட்டுப் பேருந்துகளை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. அந்நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 345-ஆம் பிரிவு இதனைக் குற்றமாக்குகின்றது. குற்றம் செய்தவன் பேசாமலிருப்பதையே நம்பியிருக்கின்றான். ஆகவே உரத்துப் பேசுதலே முதற் காவல். வாளாவிருத்தல் பெண்மைக்கு அழகென்று கேட்டு வளர்ந்த எம்போலியர்க்கு இது கப்பலேறுவதினும் கடினம். விடுதித் தாழ்வாரத்தில் ஒருவர்முன் ஒருவர் நின்று 'கையை எடும்!' என்று கூவிப் பழகினேம். முதலிற் சிரிப்பே வந்தது. நான்காம் நாளிற் குரல் வந்தது.

மனப்பாடம் செய்யவேண்டிய எண்கள் மிகச் சிலவே. அந்நாட்டிற் காவல்துறைக்கு 119, மருத்துவ ஊர்திக்கு 1990, பெண்டிர் உதவிக்கு 1938. நம் 112 அங்குப் பயன்படுமென்று எண்ணியிருத்தல் கூடாது. யாழ்ப்பாணத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் இந்தியத் துணைத் தூதரகம் உள்ளது. கடவுச்சீட்டு தொலைந்தால் முதலிற் காவல்நிலையத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்து, அதன் நகலுடன் அங்குச் செல்லல் வேண்டும். ஆகவே கடவுச்சீட்டின் நகல் ஒன்று பெட்டியிலும், மற்றொன்று வீட்டிலும், படம் ஒன்று கைப்பேசியிலும் இருத்தல் நன்று. ஒருகால் அயல்நாட்டுக் காவலரால் தடுத்து வைக்கப்படின், நம் தூதரகத்துக்கு அறிவிக்குமாறு கேட்க 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு உரிமை அளிக்கின்றது. இதனை எம் ஐவருள் ஒருத்தியும் முன்பு அறிந்திலள். நுழைவனுமதி விதிகளும் கப்பல் ஓடும் நாட்களும் மாறுமாதலின் புறப்படுமுன் மீண்டும் உசாவுதல் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் இக்கடல் கப்பலுக்கு இடங்கொடாது. புத்தர் சிலைக்கு முதுகுகாட்டிப் படமெடுத்தலை அந்நாட்டார் இழிவாகக் கருதுவர் என்பதையும் படப்பித்துக் கொண்ட எம் தோழிக்கு நினைவூட்டினேம்.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவியர்க்கு ஒரு விண்ணப்பம். கொழும்பிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் தாங்கள் பலர் இருக்கின்றீர்கள். தங்கள் ஊருக்கு வரும் இளைய மாணவிக்கு ஓரிரவு இடமோ, இயலாவிடின் தொலைபேசியில் ஒரு குரலோ தர இசைவீர்களாயின், பழைய மாணவர் சங்கத்தில் தங்கள் பெயரைப் பதிந்துவைக்க அன்புடன் வேண்டுகின்றேம். அப்பட்டியலை வெளியில் ஒட்டாது அலுவலகத்திலேயே வைத்து, செல்பவளுக்கு மட்டும் காட்டுதல் முறை.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அத்தாயாரிடம் மீண்டும் சென்றேம். கண்ணாடி அணிந்து இருமுறை படித்தார். கவுந்தியடிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 'அந்தத் துறைமுகத்தில் உங்களுக்காக நிற்கப்போகிறவர் யார்?' என்றார். யாழ்ப்பாணத்தில் வாழும் எம் கல்லூரியின் பழைய மாணவி ஒருவரின் பெயரைச் சொன்னேம். எண்ணை வாங்கி, எம்மை வெளித்திண்ணையில் அமரச்செய்து, கதவைச் சார்த்திக்கொண்டு அவருடன் பேசினார். அரைமணி நேரம் கழித்து வந்து, 'பனங்கிழங்கு கொடுத்தனுப்புகிறேன் என்கிறார். நான் என்ன கொடுத்தனுப்புவது?' என்று எம்மையே வினவினார்.