கமோலிக்குப் போகுமுன்

அன்புள்ள மாணவிக்கு,

கடிதம் கிடைத்தது. மிலானில் படிப்புக்கு நடுவே சில நாள் விடுப்பு வருகிறது, கூட்டமில்லாத கடலோர ஊராகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். நல்லது. ஆனால் 'காலம் தொடாத மீனவ கிராமம்' வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. காலம் தொடாத ஊர் என்று எங்குமே கிடையாது அம்மா. பயணச்சீட்டு விற்பவர்கள் கட்டிவிட்ட கதை அது.

கமோலிக்குப் போ. ஜெனோவாவிலிருந்து லா ஸ்பெட்சியா பக்கம் போகும் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். கடற்கரைக்கு வந்ததும் படம் எடுக்காமல் முதலில் வீடுகளின் மாடியை எண்ணு. ஆறு, ஏழு என்று போகும். வலை வீசிப் பிழைத்த ஊருக்கு இவ்வளவு உயரம் எதற்கு, பணம்தான் ஏது?

கப்பல் பணம். 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்ன ஊர்க்காரர்களிடம் நூற்றுக்கணக்கான பாய்க்கப்பல்கள் இருந்தன. ஆயிரம் வெள்ளைப் பாய்களின் ஊர் என்றே பேர். 1830இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸ் மேல் படையெடுத்தபோது இவர்கள் கப்பல்கள் வாடகைக்குப் போயின. கருங்கடலில் ஒடெஸா வரை போய்க் கோதுமை ஏற்றி வந்தார்கள். ஒரு கப்பலை 24 பங்காகப் பிரிப்பது இத்தாலிய வழக்கம். அதனால் கப்பலே ஏறாதவர்களும் கப்பலில் பங்கு வைத்திருக்க முடிந்தது. 1853இல் கப்பல்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கமும் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் கப்பல் மூழ்கினால் நட்டம் எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். ஒரே குடும்பம் தெருவுக்கு வராது.

இதன் அருமை புரிய வேண்டுமானால் ஜொவான்னி வெர்கா 1881இல் எழுதிய 'இ மலவோல்யா' நாவலைப் படி. சிசிலியில் ஆச்சி த்ரெட்ஸா என்ற கடலோர ஊர். கடனுக்கு வாங்கிய லுப்பின் பருப்பை ஏற்றிப்போன படகு புயலில் சிக்குகிறது. சரக்கு போகிறது, வீட்டுப் பிள்ளை போகிறான், கடன் மட்டும் நிற்கிறது. கடைசியில் அதற்கு வீடும் போகிறது. படிக்கும்போதெல்லாம், அந்த மூட்டைகளுக்கு ஒரு காப்பீடு இருந்திருந்தால் நாவலே இல்லையே என்று எனக்குத் தோன்றும். இயக்குநர் விஸ்கோன்டி அதே ஊரில், அந்த ஊர் மக்களையே நடிக்கவைத்து 1948இல் 'லா தெர்ரா த்ரேமா' என்ற படமாக அந்தக் கதையை எடுத்தார். அதையும் பார். மெதுவாகப் போகிறது என்று பாதியில் எழுந்துவிடாதே. உங்கள் தலைமுறைக்கு அந்த வியாதி உண்டு.

பிறகு நீராவிக் கப்பல்கள் பெருகின. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கிழக்கு வழி அவற்றின் கைக்குப் போனது. செங்கடல் காற்றோடு பாய்க்கப்பல் மல்லுக்கட்ட முடியாது. கமோலியின் தொழில் ஒடுங்கியது. நீ தேடிப் போகும் அமைதி அப்படி வந்ததுதான்.

வீடுகளுக்கு நிறம் பூசியது மீனவர்கள் கடலிலிருந்து தம் வீட்டை அடையாளம் காணத்தானே என்று கேட்டிருந்தாய். இத்தாலியக் கரையில் பாதி ஊர்களுக்கு இதே கதையைச் சொல்கிறார்கள். ஒடெஸா வரை போய்த் திரும்பத் தெரிந்தவனுக்கா தன் வீடு தெரியாது? நிறத்தை விடு, சுவரைப் பார். பல ஜன்னல்கள் வெறும் ஓவியம். கல்லில் செதுக்கினால் ஆகும் செலவைத் தூரிகையால் மிச்சம் பிடிப்பது ஜெனோவாப் பக்கத்துப் பழக்கம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அதே சுவரின் முன் நில். நிஜச் சட்டத்தின் நிழல் வெயிலோடு நகர்ந்திருக்கும். வரைந்த நிழல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மீன்பிடிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊருக்கும் புந்தா கியாப்பா முனைக்கும் நடுவே 'தொன்னரெல்லா' என்ற நிலைவலை ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடலில் நிற்கும். பல நூற்றாண்டு வழக்கம். வலை எதனால் ஆனது தெரியுமா? தென்னை நார்! தென்னையே விளையாத கரையில் தென்னை நார் வலை. நைலான் அகப்படாமல் இல்லை. நாரில்தான் பாசி பிடிக்கும், பாசியை நாடிச் சிறு உயிர்கள் வரும், அவற்றுக்குப் பின்னால் மீன் வரும். கரையோரமாக வரும் மீன் வலைச்சுவரில் முட்டி, ஆழம் தேடித் திரும்பி, உள்ளறைக்குள் தானே போய்ச் சேர்கிறது. மீனவர்கள் படகில் நின்று அந்த அறையைக் கையாலேயே தூக்குகிறார்கள். 'தொன்னரெல்லா' என்ற பேரில் சூரை ('தொன்னோ') இருந்தாலும் சிக்குவது பெரும்பாலும் வேறு மீன்கள். பருவம் முடிந்ததும் நார் வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுவார்கள், அது மக்கிப்போகும். அடுத்த ஆண்டுக்குப் புதிதாக முடைய வேண்டும். கமோலியில் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். மற்றவர்கள் சண்டைக்கு வரட்டும்.

மே மாதத்து இரண்டாம் ஞாயிறு மட்டும் போய்விடாதே. அன்று நான்கு மீட்டர் அகல வாணலியில் மீன் பொரிக்கும் திருவிழா; 1952இலிருந்து நடக்கிறது. கூட்டம் தாங்காது. பொஸ்கெத்தோ மாதா கோயில் முற்றத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கு. புயலில் தப்பிய மாலுமிகள் நேர்ந்துகொண்டு வைத்த கப்பல் படங்கள் அங்கே இருக்கின்றன. ஆண்டு எழுதியிருக்கும் படங்களை மட்டும் குறித்துக்கொள். எந்த ஆண்டுக்குப் பிறகு அவை அருகிப்போகின்றன என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்