அத்துழாய் என்னும் அருந்திருநாமம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வைஷ்ணவ இல்லங்களில் பெண் மகவுக்கு இடும் திருநாமங்கள் பல. ஆண்டாள், கோதை, ரங்கநாயகி, அலர்மேல்மங்கை, பத்மாவதி, துளசி என்பன ஊர்தோறும் வழங்கி வருவன. இவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கதாயினும், குருபரம்பரை நூல்களில் மட்டுமே பெரிதும் காணப்பட்டு, இல்லங்களில் மிக அரிதாகவே செவிப்படும் ஒரு திருநாமம் உண்டு. அதுவே அத்துழாய் என்பது. பகவத் ராமாநுஜரின் ஆசார்யரான பெரிய நம்பிகளின் திருமகளார் இந்நாமத்தைத் தாங்கியவர். உத்ஸவ காலத்தில் எம்பெருமான் ஸந்நிதியில் திருத்துழாய் பிரஸாதம் பெறும் ஸேவார்த்திகள், இப்பெயரின் பொருளையும் இதனைத் தாங்கியவரின் பெருமையையும் அறிதல் மிகவும் பொருத்தமுடையது.

சொல்லும் பொருளும்

துளசிக்குத் தமிழில் துழாய், துளவம், துளபம் எனப் பல பெயர்கள் உள. இவற்றுள் துழாய் என்பது மிகவும் தொன்மையானது. பதிற்றுப்பத்து, பரிபாடல் ஆகிய சங்க நூல்களிலேயே அது திருமாலுக்குரிய மாலையாகப் பேசப்படுகிறது. ஆழ்வார்களின் அருளிச்செயல்களில் எம்பெருமானை நினைக்குமிடமெல்லாம் துழாயின் குளிர்ச்சியும் நறுமணமும் உடன் நினைக்கப்படுகின்றன. வடமொழியில் துலா என்பது ஒப்பு எனப் பொருள்படும். தனக்கு ஒப்பில்லாதவள் ஆதலின் துலஸீ எனப் பெயர் பெற்றாள் என்று பெரியோர் நிர்வசனம் கூறுவர்.

இனி, அத்துழாய் என்னும் சொல்லமைப்பை நோக்குவோம். அகரச் சுட்டின்பின் வல்லினம் மிகும் என்பது இலக்கண விதி. அவ்விதிப்படி அ + துழாய் என்பது அத்துழாய் ஆகும். 'அந்தத் துழாய்' என்றால் எந்தத் துழாய்? எம்பெருமான் திருமுடியிலும் திருமார்பிலும் திருவடிகளிலும் விளங்குகின்ற, உலகறிந்த அத்துழாய் என்பது கருத்து. 'அம்' என்பதற்கு அழகு என்று பொருள் ஆதலின், அம் + துழாய், அதாவது அழகிய துழாய், என்று கொள்ளுதலும் ஆகும். அவ்வாறு கொள்ளின் அந்துழாய் என்பது மெல்லெழுத்து வல்லெழுத்தாகி அத்துழாய் என நின்றது. குறுந்தாள் என்பது குறுத்தாள் என வருதலை வலித்தல் விகாரத்திற்கு எடுத்துக்காட்டாக நன்னூல் உரையாசிரியர்கள் காட்டுவர். இவ்விரண்டில் எப்பொருளைக் கொள்ளினும் குறையில்லை.

பெண் மகவுக்குத் துழாயின் பெயரை இடுவதில் மற்றொரு நயமும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரின் நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியிலன்றோ ஆண்டாள் திருவவதாரம் செய்தருளினாள்!

பிறந்த இல்லம்

பெரிய நம்பிகள் திருவரங்கத்தில் அவதரித்தவர். ஆளவந்தாரின் திருவடி பணிந்தவர். மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் ஸந்நிதியில் மகிழ மரத்தடியில் ராமாநுஜருக்கு (1017-1137) பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளியவர் இவரே. தாழ்ந்த குலமென்று உலகோர் எண்ணிய குலத்தில் பிறந்த பரம பாகவதரான மாறனேர் நம்பிக்கு இறுதிச் சடங்குகளைத் தாமே செய்தார். ஊரார் அதனைக் குறை கூறினர். ராமாநுஜர் அதுபற்றி வினவியபோது, ஜடாயுவுக்கு ஸம்ஸ்காரம் செய்த ஸ்ரீராமனைக் காட்டிலும் தாம் உயர்ந்தவரோ, அப்பறவையைக் காட்டிலும் மாறனேர் நம்பி தாழ்ந்தவரோ என்று விடை தந்தார். இத்தகைய இல்லத்தில் வளர்ந்தவர் அத்துழாய்.

சீதன வெள்ளாட்டி

புக்ககத்தில் அத்துழாய்க்கு நேர்ந்த ஒரு வருத்தத்தைப் பூர்வர்கள் மறவாமல் எழுதி வைத்துள்ளனர். விடியற்காலையில் நீராடத் தனியே செல்ல அஞ்சிய அவர், துணைக்கு வருமாறு மாமியாரை வேண்டினார். அவளோ, "துணை வேண்டுமாகில் உன் தகப்பன் வீட்டிலிருந்து சீதன வெள்ளாட்டியைக் கொண்டு வருவதுதானே!" என்று கடுமொழி கூறினாள். சீதனத்தோடு உடன் அனுப்பப்படும் பணிப்பெண்ணுக்கே வெள்ளாட்டி என்று பெயர். எளிய இல்லத்துப் பெண்ணுக்கு இச்சொல் எத்துணை வேதனை தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அத்துழாய் தந்தையாரிடம் சென்று முறையிட்டார். நம்பிகள், "உடையவரிடம் சென்று சொல்" என்று அனுப்பினார். எம்பெருமானார் அதனைக் கேட்டருளி, அருகில் இருந்த முதலியாண்டானை நோக்கி, சீதன வெள்ளாட்டியாகச் செல்லும்படி நியமித்தருளினார்.

முதலியாண்டான் யார்? ராமாநுஜருக்கு மருமகன் முறையினர். ஸகல சாஸ்திர பண்டிதர். எம்பெருமானாரின் திருவடி நிலையாகவே போற்றப்படுபவர். சரம ச்லோகத்தின் உட்பொருளை அறிய விரும்பித் திருக்கோட்டியூர் நம்பியிடம் சென்று காத்திருந்து, கல்விச் செருக்கு முதலியன அறவே நீங்க வேண்டும் என்ற அறிவுரையோடு திரும்பி வந்திருந்த காலம் அது. அவர் சிறிதும் தயங்காது அத்துழாயின் பின்னே நடந்தார். புக்ககத்தில் நீர் சுமந்தார், தளிகை செய்தார், ஏவிய பணிகளையெல்லாம் செய்தார். ஒருநாள் அங்கே ஒருவர் சாஸ்திரத்திற்குப் பிழைபடப் பொருள் உரைக்க, ஆண்டான் அதனைத் திருத்தினார். பணியாளுக்கு இது எங்ஙனம் தெரியும் என்று வியந்து வினவியபோதுதான் அவர் யாரென்பது வெளிப்பட்டது. வீட்டார் நடுங்கி எம்பெருமானாரிடம் ஓடி வந்து, ஆண்டானைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு வேண்டினர்.

ஒரு பெண்ணின் துயரம் சிறிய செய்தி என்று எம்பெருமானார் ஒதுக்கவில்லை. ஆசார்யரின் திருமகள் கண்ணீரைத் துடைக்கத் தம் தலையாய சீடரையே அனுப்பினார். ஆண்டானும் சரமார்த்தத்திற்குரிய பாத்திரமானார். ஒரு நியமனத்தால் இருவர் குறையும் தீர்ந்தது.

கதவு திறந்த கைகள்

எம்பெருமானார் திருப்பாவையை அநுஸந்தித்துக் கொண்டே மாதுகரத்திற்கு எழுந்தருளுவது வழக்கம். ஒருநாள், நப்பின்னைப் பிராட்டியை வளையொலிக்க வந்து கதவைத் திறக்குமாறு வேண்டும் 18ஆம் பாசுரம் நிறைவுறும் வேளையில், நம்பிகளின் திருமாளிகை வாயிலில் நின்றார். அச்சமயம் அத்துழாய் வளை ஒலிக்கக் கதவைத் திறந்தார். நப்பின்னையே நேரில் வந்தாள் என உணர்ந்து எம்பெருமானார் தண்டனிட்டு மோஹித்தார். மகள் திகைத்து உள்ளே ஓடிச் சொல்ல, நம்பிகள் கேட்ட அளவிலேயே இன்ன பாசுரம் அநுஸந்தானம் என்று உணர்ந்தருளினார். சில ஏடுகளில் இந்நிகழ்ச்சி திருக்கோட்டியூர் நம்பியின் திருமகளார் தேவகிப் பிராட்டியைக் குறித்துச் சொல்லப்படுவதும் உண்டு.

பசுபதிகோயிலில்

சோழ மன்னன் ராமாநுஜரை அழைத்து வரச் சொன்னபோது, கூரத்தாழ்வான் அவருடைய காஷாயத்தைத் தரித்துச் சென்றார். பெரிய நம்பிகளும் உடன் சென்றார். அரசவையில் இருவரும் கண்களை இழந்தனர். அவ்விருவருக்கும் கண்ணாக நின்று வழிநடத்தி வந்தவர் அத்துழாய்.

தஞ்சைக்கு அருகே பசுபதிகோயிலை அடைந்தபோது, 105 பிராயம் நிறைந்த நம்பிகள் மேலும் நடக்க இயலாது சாய்ந்தார். கூரத்தாழ்வான் மடியில் திருமுடியும், அத்துழாய் மடியில் திருவடிகளும் இருந்தன. திருவரங்கம் சென்று சேரலாமே என்றனர் உடனிருந்தோர். நம்பிகள் அதற்கு இசையவில்லை. பெரிய நம்பியே திருவரங்கத்திற்குச் சென்றுதான் திருமேனியை விட்டார் என்றால், பிற்காலத்தவர் முடிவு காலத்தில் இன்ன ஊரில் இருந்தாலன்றி மோக்ஷமில்லை என்று கலங்குவர். சரணாகதனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை என்றருளி, அங்கேயே பரமபதித்தார். தந்தையின் திருவடியைத் தாங்கிய நிலையில் இவ்வரிய வார்த்தையைக் கேட்கும் பேறு அத்துழாய்க்கு வாய்த்தது.

ஏன் அரிதாயிற்று?

துழாய் என்னும் சொல் பொது வழக்கில் மறைந்து, துளசி என்பதே நிலைத்துவிட்டது. இன்று அச்சொல் வாழுமிடம் திருக்கோயிலும் வைஷ்ணவ பரிபாஷையும் ஆகும். திருத்துழாய் என்று சொல்லிப் பிரஸாதம் பெறுவோர் பலர். அத்துழாய் என்று தம் மகளை அழைப்போர் மிகச் சிலர்.

அத்துழாய் பாசுரம் பாடியவர் அல்லர். கிரந்தம் இயற்றியவரும் அல்லர். ஆயினும் ஆசார்யர்களின் வாழ்வில் முக்கியமான மூன்று இடங்களில் அவர் நிற்கிறார். மலர் ஒருநாளில் வாடிக் கழிக்கப்படும். துளசியோ, உலர்ந்தாலும் நீர் தெளித்து மீண்டும் ஸமர்ப்பிக்கத்தக்கது என்று பெரியோர் கொள்வர். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும், திருமாளிகை வாயிலிலும் வழிநடுவிலும், நிலை மாறினும் தகுதி மாறாது நின்ற அப்பெண்பிள்ளைக்கு இதனினும் பொருந்திய பெயர் வேறில்லை.

ஸந்நிதியில் திருத்துழாயைக் கையில் ஏற்கும்போது ஸேவார்த்திகள் இவ்வம்மையாரை ஒருகணம் நினைத்தல் வேண்டும். இல்லத்திற்கு மருமகளாக வந்த பெண் துணை வேண்டி நிற்கும்போது, எம்பெருமானார் யாரை அனுப்பினார் என்பதையும் நினைத்தல் வேண்டும். பெண் மகவு பிறந்து பெயர் தேடுவோர் இத்திருநாமத்தையும் மனத்திற்கொண்டால், பூர்வர்கள் காத்து வைத்த ஒரு செல்வம் மீண்டும் இல்லங்களில் ஒலிக்கும்.

பெரிய நம்பிகள் திருவடிகளே சரணம்
எம்பெருமானார் திருவடிகளே சரணம்