ஊசி போட்ட பிறகு

அன்புள்ள தங்கைக்கு,

கன்று ஈன்ற மறுநாள் கறவை மாடு படுத்துவிட்டது என்று விடியற்காலையில் போன் வரும். போய்ப் பார்த்தால் மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்துக் கிடக்கும். காது சில்லிட்டிருக்கும், மூக்கு உலர்ந்திருக்கும். ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போன பால் காய்ச்சல். கைதேர்ந்த மருத்துவர் கால்சியம் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, கழுத்து ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றுவார். பாட்டில் காலியாகும்வரை ஸ்டெதாஸ்கோப் மாட்டின் நெஞ்சை விட்டு நகராது. அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பாதி இறங்கும்போது தோள்சதை நடுங்கும். ஏப்பம் விடும், சாணி போடும். கொஞ்ச நேரத்தில் தள்ளாடி எழுந்து நிற்கும். சுற்றி நிற்பவர்கள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் பையை மூடிவிடுகிறார்கள். தொழிலில் தேறியவர்கள் மறுநாளும் ஒரு நடை போகிறார்கள். எழுந்த மாடுகளில் சில ஓரிரு நாளில் மறுபடி படுக்கும். முதல் நாளே மடியை ஒட்டக் கறந்துவிட்டார்களா, சினையின் கடைசி மாதத்தில் என்ன தீனி போட்டார்கள் என்பதையெல்லாம் அந்தத் தொழுவத்தில் நின்றுதான் கேட்க முடியும். யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டி வருபவர் பல வீடுகளில் ஆணாக இருப்பார். தண்ணீர் காட்டி, சாணி அள்ளி, பால் கறப்பவர் பெண்ணாக இருப்பார். மாடு எப்போது அசைபோடுவதை நிறுத்தியது என்பது அந்தம்மாவுக்குத்தான் தெரியும்.

ஊசிக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதைக் கடைசிவரை விடாமல் தேடிப் போனவர்களில் ஒருவரைப் பற்றி நீ விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1990களில் இந்தியத் துணைக்கண்டத்தில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர், பாகிஸ்தானில் செத்து விழுந்த கழுகுகளை அறுத்துப் பார்த்தார். உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போனதன் அடையாளம் அது. கிருமி, பூச்சிமருந்து, கன உலோகம் என்று ஒவ்வொன்றாகத் தேடியும் காரணம் சிக்கவில்லை. பிறகு அவரது குழு வேறு பக்கமிருந்து யோசித்தது: கழுகு தின்பது செத்த மாட்டை, அந்த மாட்டுக்குக் கடைசியாகக் கொடுத்த மருந்து எது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய, புதிதாகப் புழக்கத்துக்கு வந்த டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி அகப்பட்டது. யூரிக் அமிலம் படிந்து செத்த 25 கழுகுகளிலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 கழுகுகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் நேச்சர் இதழில் இந்த ஆய்வு வெளியானது.

அந்த ஊசியைப் போட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. மாட்டின் வலி தீர்ந்தது, காய்ச்சல் இறங்கியது. தொழுவத்தோடு கணக்கை முடித்துக்கொண்டால் அது நல்ல சிகிச்சைதான். 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்தது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் மாற்றாக வந்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போடும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. அதனால் 2015-இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்துகளும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. அந்த வட்டாரத்தில் ஒரு மருத்துவர் எழுதும் சீட்டு அவற்றின் இரை வரைக்கும் போகிறது.

உன் மருந்தகத்திலும் இதே கணக்கு உண்டு. மடி நோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்பது மருந்தின் உறையிலேயே இருக்கும். அதை வாயால் சொல்ல வேண்டும். ஊற்றாத நாட்களில் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வருமானம் போகும் என்பதை மனதில் வைத்துச் சொல்ல வேண்டும். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019-இல் அரசு தடைசெய்ததும், கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்ற கவலையால்தான்.

தமிழ்நாடு வனத்துறையில் யானை மருத்துவராக இருந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை நீ ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாக அறிந்திருப்பாய். காட்டில் செத்துக் கிடக்கும் யானை அழுகி நாற்றமெடுத்திருந்தாலும் அதை அறுத்துப் பார்த்துக் காரணத்தை எழுதி வைத்தவர் அவர். பிழைத்த உயிர் கற்றுத் தருவதைவிடச் செத்த உயிர் கற்றுத் தருவது பல நேரம் அதிகம். எனவே ஒரு தடித்த நோட்டு போட்டுக்கொள். என்ன நோய் என்று நினைத்தாய், என்ன கொடுத்தாய், பத்து நாள் கழித்து என்ன ஆயிற்று என்று எழுது. மூன்றாவதை எழுதத்தான் பலருக்கும் கை வராது.

இந்தத் தொழில் மருத்துவரின் உடம்பையும் பதம் பார்க்கும். எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டைக் காட்டி, “தொண்டையில் ஏதோ அடைச்சிருக்குங்க” என்பார்கள். வெறுங்கையை வாய்க்குள் விட்டுத் துழாவத் தோன்றும். விடாதே. அது வெறிநோயாக இருக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வதும், நஞ்சுக்கொடி எடுக்கும்போது தோள்வரை கையுறை போடுவதும் பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. கன்று வீச்சு நோய்க் கிருமி மருத்துவருக்குத் தொற்றினால் மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் விட்டு விட்டு வரும்.

உடம்பைப் போலத்தான் மனமும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் 1979 முதல் 2015 வரையிலான இறப்புகளை ஆராய்ந்தபோது, அந்நாட்டுப் பெண் கால்நடை மருத்துவர்கள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 3.5 மடங்கும், ஆண் மருத்துவர்களுக்கு 2.1 மடங்கும் அதிகம் என்று தெரியவந்தது. நீண்ட வேலை நேரம், கடன், உரிமையாளரின் கோபம், கருணைக்கொலை செய்து செய்து சேரும் பாரம், அதற்கான மருந்து கையெட்டும் தூரத்தில் இருப்பது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. நம் ஊர்க் கடன் வேறு, கோபம் வேறு. ஆனால் மருந்து அலமாரி எங்கும் ஒன்றுதான். அதைப் பூட்டி வை, சாவி இருவர் பொறுப்பில் இருக்கட்டும். தூக்கம் கெட்டு, எந்த மாட்டைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தால் யாரிடமாவது சொல். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள். சுற்றுவட்டார மருத்துவர்கள் நான்கைந்து பேரைக் கூப்பிட்டு, ராத்திரி அழைப்புகளை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அவரவர் நோட்டோடு உட்கார்ந்து, காப்பாற்ற முடியாமல் போனவற்றைப் பற்றிப் பேசுங்கள். அனுபவம் மிகுந்த மூத்தவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உன் ராத்திரி முறை எந்தெந்தக் கிழமை என்று முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்